முதல் மணம் முடிந்ததா?

(ஈரோட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மதமாற்றமும் இருதார மணமும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். இதில் மதம் முன்னால் நிற்கிறது, மணம் பின்னால் நிற்கிறது. அந்த வரிசையை மாற்றிப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

குடும்ப வழக்கு நடத்தும் வக்கீல்கள் எல்லாருமே கேட்டுப் பழகிய கேள்வி ஒன்று உண்டு. “ஏனுங்க வக்கீலம்மா, அவரு மதம் மாறிட்டாருங்களாமா. இனி நம்ம கேஸு நிக்காதுங்கறாங்க, நெசமுங்களா?” நிற்கும். 1995 மே 10க்குப் பிறகு அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் இன்னும் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. மனைவியை மிரட்டுவதற்குச் சட்டம் வேண்டியதில்லை, சட்டத்தைப் பற்றிய புரளி போதும்.

அந்தத் தேதியில் வந்தது சரளா முட்கல் வழக்கின் தீர்ப்பு. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் ஆர்.எம். சஹாயும் விசாரித்தார்கள். சரளா முட்கல் ‘கல்யாணி’ என்ற நல அமைப்பின் தலைவி. அமைப்பின் பெயரில் ஒரு மனு, பாதிக்கப்பட்ட பெண்கள் போட்ட மனுக்கள் தனி. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். இந்து முறைப்படி கல்யாணம் நடந்திருக்கிறது. சில வருடம் குடித்தனம் நடந்திருக்கிறது. பிறகு ஒருநாள் கணவர் இஸ்லாத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்லி இன்னொரு பெண்ணை நிக்காஹ் செய்துகொள்கிறார். புது மதத்தின் சட்டம் நாலு வரை அனுமதிக்கிறது, பழைய மனைவி கோர்ட்டுக்குப் போய் என்ன செய்துவிட முடியும் என்பது அவருடைய வாதம்.

நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தச் சட்டத்தின்படி மணம் நடந்ததோ அந்தச் சட்டத்தின்படிதான் அது முடியவும் முடியும். கணவர் மதம் மாறினால், விவாகரத்து கேட்க மனைவிக்கு இந்து திருமணச் சட்டம் 13ஆம் பிரிவு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. கேட்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. மாறியவர் தன் மாற்றத்தையே விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொள்ள முடியாது. ஆகவே முதல் மணம் உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாம் மணம் செல்லாது. இந்திய தண்டனைச் சட்டம் 494ஆம் பிரிவின்படி அது குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. இப்போது அந்தப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 82 என்ற எண்ணோடு இருக்கிறது. முதல் மணத்தை மறைத்து இரண்டாவது பெண்ணைக் கட்டியிருந்தால் பத்து ஆண்டு.

இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொது சிவில் சட்டம் பற்றி அதில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய பக்கங்களைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த வழக்கில் மனத்தில் நிற்பது ஒரு மனுதாரர். அவர் முதல் மனைவி அல்ல, இரண்டாமவர். இந்துவாகப் பிறந்து, அந்த மனிதரோடு சேர்ந்து தானும் இஸ்லாத்தைத் தழுவி, அவரை மணந்து, ஒரு பிள்ளையும் பெற்றவர். 1988இல் கணவர் மறுபடியும் இந்துவாகிவிட்டதாக எழுதிக் கொடுக்கிறார். முதல் மனைவியையும் குழந்தைகளையும் பராமரிக்கிறேன் என்கிறார். அவர் போய்விட்டார். இந்தப் பெண்ணோ முஸ்லிமாகவே இருக்கிறார். இந்துச் சட்டம் இவருக்கு இல்லை. முஸ்லிம் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமென்றால் கணவர் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. ஜீவனாம்சம் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் அவருடைய மனு.

ஆணுக்கு இரண்டு சட்டமும் திறந்திருந்தன, அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே மூடிக்கொண்டன. மதவழிச் சட்டங்களின் முரண்பாடு என்று பாடப்புத்தகம் சொல்வது வாழ்க்கையில் இப்படித்தான் வந்து சேரும்.

அடுத்த வழக்கு லில்லி தாமஸ், 2000 மே 5. லில்லி தாமஸ் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர். தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உடனே பதவி இழக்கவேண்டும் என்று 2013இல் தீர்ப்பு வாங்கினாரே, அதே அம்மையார்தான். இந்த வழக்கில் 1984இல் இந்து முறைப்படி மணம் செய்த ஒருவர், 1992இல் மனைவியிடம் வந்து, “நான் மதம் மாறிவிட்டேன், நீயாகச் சம்மதித்து விவாகரத்து கொடுத்துவிடு” என்கிறார். கையில் சான்றிதழ் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் உண்டான காகிதங்களை மனைவி தரப்பு ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தது. 1993இல் இரண்டாவது பெண்ணிடம் குழந்தை பிறக்கிறது, பிறப்புப் பதிவில் தந்தையின் மதம் இந்து. வாக்காளர் பட்டியலில் பழைய இந்துப் பெயர். விசா விண்ணப்பத்திலும் அதுவே. புது மதம் கல்யாணத்துக்கு மட்டும் போட்டுக்கொண்ட சட்டை என்பது நீதிபதிகள் சகீர் அகமதுக்கும் சேத்திக்கும் தெளிவாகிவிட்டது.

இத்தனை ஆதாரம் கிடைத்தது மனைவிக்கு நல்லதுதான். ஆனாலும் இந்த வழி எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்து எல்லாக் காகிதத்திலும் புதுப் பெயரையே போட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் தொழுகைக்கும் போயிருந்தால்? மனம் உண்மையிலேயே மாறியிருந்தால் முதல் மனைவியை விட்டுவிடலாமா? நல்லவேளையாக நீதிமன்றம் அங்கே நின்றுவிடவில்லை. மாற்றம் உண்மையானதாக இருந்தாலும் முதல் மணம் அதனால் அறுந்துபோவதில்லை என்றும் சொன்னது. எனக்கு அந்த வரி போதும். ஒருவருடைய பக்தியின் ஆழத்தை அளக்கும் வேலை எந்த நீதிபதிக்கும் வேண்டாம். வாக்காளர் பட்டியலைப் புரட்டி ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் நீதிமன்றங்களுக்கு வந்தால், அது கணவன்மாரோடு நிற்காது. மனமார மதம் மாறிய ஏழைகளின் வாசலுக்கும் வரும். முதல் மணம் சட்டப்படி முடிந்ததா என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் யாருடைய மனத்துக்குள்ளும் புகவேண்டியதில்லை.

இதை 1936லேயே பார்சிகள் எழுதி வைத்துவிட்டார்கள். பார்சி திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு பார்சி தன் மதத்தையோ வாழும் நாட்டையோ மாற்றிக்கொண்டாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி, மனைவியோ கணவனோ உயிரோடு இருக்கையில், அந்த மணம் முறையாக முடியாமல், எந்தச் சட்டத்தின் கீழும் இன்னொரு மணம் செய்யக்கூடாது. நம்பிக்கை உண்மையா போலியா என்ற ஆராய்ச்சியே அதில் இல்லை. எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம் ஒன்று தன் பெண்களுக்கு எழுதிக்கொண்ட பாதுகாப்பு 1955இன் இந்து திருமணச் சட்டத்தில் இடம்பெறாமல் போனது ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். மதம் மாறி மறுமணம் செய்தவர்களை நம் நீதிமன்றங்கள் தண்டிக்கத் தொடங்கியது 1995இல் என்று நினைத்தால் தவறு. 1880இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, கங்கா என்ற பெயரில். 1891இல் கல்கத்தாவில் ராம் குமாரி வழக்கு. இருவரும் மணமான இந்துப் பெண்கள். இருவரும் இஸ்லாத்துக்கு மாறி முஸ்லிம் ஆண்களை மணந்தவர்கள். மதம் மாறினாலும் இந்து மணம் அறுவதில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லின. அதே 494ஆம் பிரிவில் இருவரையும் குற்றவாளிகள் என்றும் தீர்த்தன. சரளா முட்கலில் ஆண்களுக்குச் சொன்ன சட்டத்தை நூறு வருடத்துக்கு முன்பே பெண்களுக்குச் சொல்லியாகிவிட்டது!

முஸ்லிம் பெண்கள் பக்கமும் அப்படித்தான். 1930களுக்கு முன் பஞ்சாபில், கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விலக வழியில்லாத பெண்கள் சிலர், “நான் இஸ்லாத்தை விட்டுவிட்டேன்” என்று அறிவிப்பார்கள். மதத்தை விட்டால் மணமும் அறும் என்று அன்றைய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. நம்பிக்கை போய்விட்டது என்பதல்ல அவர்கள் நிலைமை, வேறு வாசல் இல்லை என்பதுதான். உலமாக்கள் கவலைப்பட்டார்கள். மௌலானா அஷ்ரப் அலி தானவி போன்றவர்கள், பெண் விவாகரத்து பெற மார்க்கத்துக்குள்ளேயே வழி காட்டி எழுதினார்கள். அதன் விளைவு 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். பெண்ணுக்கு விவாகரத்துக் காரணங்கள் கிடைத்தன. கூடவே 4ஆம் பிரிவும் வந்தது. முஸ்லிம் மனைவி மதத்தை விட்டதால் மட்டும் மணம் முறியாது என்றது அது. ஒரு வாசலைத் திறந்துவிட்டு மற்றதை மூடினார்கள், அது நியாயமான பேரம் என்றே நினைக்கிறேன்.

இந்து ஆணுக்கு இந்தத் தந்திரம் எதுவும் அன்று தேவைப்படவில்லை. மதம் மாறாமலே எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கிறிஸ்தவர்களுக்குத்தான் அந்த வசதி கிடையாது. 1907இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த லாசர் வழக்கில், கிறிஸ்தவ மனைவி இருக்கும்போதே ஒரு கிறிஸ்தவர் இந்துப் பெண்ணை இந்துச் சடங்குப்படி மணந்திருந்தார். தன் மதத்தையும் அவர் விடவில்லை. அது குற்றமே என்றது நீதிமன்றம். இந்து ஆண்களுக்குத் தடை வந்தது பம்பாயில் 1946இல், சென்னை மாகாணத்தில் 1949இல். உடனே அரசமைப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பம்பாயில் நரசு அப்பா மாலி வழக்கில் இரண்டு வாதங்கள் வந்தன. புத்திரன் இல்லாமல் கரையேற முடியாது, அதற்காக இரண்டாம் மனைவி சமயக் கடமை என்பது ஒன்று. முஸ்லிமுக்கு அனுமதித்துவிட்டு இந்துவை மட்டும் தடுப்பது பாரபட்சம் என்பது மற்றது. 1951இல் தலைமை நீதிபதி சாக்ளாவும் கஜேந்திரகட்கரும் இரண்டையும் தள்ளினார்கள். சீர்திருத்தத்தை அரசு படிப்படியாகச் செய்யலாம் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் சீனிவாச ஐயர் வழக்கில் மாகாணச் சட்டத்தைச் செல்லும் என்றது. அதோடு மதமாற்றம் என்ற பின்வாசலுக்கு இந்து ஆண்கள் மத்தியில் மவுசு வந்தது. தடை வந்த பிறகுதானே சந்து தேடுவார்கள்.

1866இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். கிறிஸ்தவத்துக்கு மாறியவரோடு வாழமாட்டேன் என்று இந்து மனைவியோ கணவனோ மறுத்துவிட்டால் என்ன செய்வது? மாறியவர் மனு போடலாம். நீதிபதி மறுப்பவரை அழைத்து நேரில் கேட்பார். மறுத்தால் உடனே தீர்ப்பு கிடையாது, ஒரு வருடம் தள்ளி வைப்பார். வருடம் கழித்து மறுபடி கேட்பார். அப்போதும் மறுத்தால் மணத்தை முறித்து, இருவருக்குமே மறுமண உரிமை கொடுப்பார். மதப் பிரசாரத்துக்குக் கைகொடுக்கத்தான் அந்தச் சட்டம் போட்டார்கள், அதில் ஒளிவுமறைவில்லை. இருந்தாலும் விட்டுப்போகப்பட்டவளை அழைத்து, “நீ என்னம்மா சொல்கிறாய்?” என்று இரண்டு தடவை கேட்ட சட்டம் அது.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் வேறு கதை. இலங்கையில் ரீட் என்பவர் 1933இல் பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி மணம் செய்தார். 1959இல் அவரும் இன்னொரு பெண்ணும் இஸ்லாத்துக்கு மாறி முஸ்லிம் சட்டப்படி மணந்துகொண்டார்கள். இருதார மண வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பல மதவழிச் சட்டங்கள் உள்ள நாட்டில், மதத்தை மாற்றி அதனோடு தனக்குரிய சட்டத்தையும் மாற்றிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு என்று 1965இல் ரீட்டை விட்டுவிட்டார்கள். நம் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு நேர் எதிர். கொழும்பு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அபேசுந்தர வழக்கில் அதை மாற்றி எழுத முப்பது வருடத்துக்கும் மேல் ஆனது. முதல் மணம் ஒருதார மணம் என்ற வாக்கோடு நடந்தது, அந்த வாக்கை ஒருவர் மட்டும் தனியாக மதம் மாறிக் கழற்றிவிட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்தத் தலைப்பில் எழுதப்பட்ட வாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மதத்தைப் பற்றி அதில் ஒரு குறைச்சொல்லும் இல்லை.

மலேசியத் தமிழ்ப் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. அங்கே கணவர் மாறிவிட்டால் அவருக்கு ஷரியா நீதிமன்றம், மனைவிக்கு சிவில் நீதிமன்றம். ஈப்போவைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். 2009இல் கணவர் மதம் மாறினார். தாய்க்குத் தெரியாமல் மூன்று குழந்தைகளையும் மாற்றினார், கைக்குழந்தையை எடுத்துக்கொண்டும் போய்விட்டார். ஒரு பெற்றோர் மட்டும் சம்மதித்துக் குழந்தையின் மதத்தை மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கைக்கு வந்து ஆண்டுகள் ஓடிய பிறகும் அந்தக் குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இத்தனை நேரம் மதமாற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டேன். உண்மையைச் சொன்னால், நம் பக்கத்தில் இரண்டாம் கல்யாணம் செய்ய நினைக்கிற ஆளுக்கு மதம் மாறவேண்டிய அவசியமே இருந்ததில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் இந்துக்களில் 1.3 சதவீதம், முஸ்லிம்களில் 1.9, கிறிஸ்தவர்களில் 2.1. முழுத்தடை உள்ள கிறிஸ்தவர்களில் அதிகம், அனுமதி உள்ள முஸ்லிம்களில் அதைவிடக் குறைவு! இந்துக்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய எண்பது சதவீதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தலைக்கணக்கில் எந்த வீடுகள் அதிகம் என்பது தெரியும். கோபிசெட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜ் 1985இல் எடுத்த படத்துக்கு ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்தார். எந்த ஊர்த் தியேட்டரிலும் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

மாறாமலே தப்பித்தது எப்படி? அதற்கும் சட்டமே வழி செய்து கொடுத்தது. 1965இல் பாவுராவ் லோகண்டே வழக்கில், 494இல் தண்டிக்கவேண்டுமானால் இரண்டாம் மணம் உரிய சடங்குகளோடு நடந்ததை நிரூபிக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஓமம் வளர்த்தார்களா, ஏழடி வைத்தார்களா? 1971இல் பிரியா பாலா கோஷ் வழக்கிலும் அதே அளவுகோல். முதல் மனைவி இரண்டாம் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்ட விருந்தாளியா, எத்தனை அடி வைத்தார்கள் என்று எண்ணிவிட்டு வர?

நம் கொங்குக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். அருமைக்காரர் முன்னின்று நடத்துகிறார். மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர். நாவிதர் மங்கல வாழ்த்து பாடுகிறார். இந்தச் சீர்களுக்குள் ஏழடி வைக்கும் சப்தபதியைத் தேடினால் எங்கே கிடைக்கும்? உள்ளூர் வழக்கப்படி நடந்த மணமும் செல்லும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது, உண்மைதான். ஆனால் குற்ற வழக்கில் அந்த வழக்கம் இன்னது என்று சாட்சி வைத்து நிரூபிக்கும் சுமையும் அந்தப் பெண்ணின் தலையில்தான்.

இந்த முடிச்சு எங்கே அவிழ்ந்தது என்பது ஈரோட்டில் நின்று சொல்லவேண்டிய சங்கதி. 1925இல் இந்த ஊரிலிருந்து ‘குடி அரசு’ வந்தது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1930 மே மாதம் இரண்டாவது சுயமரியாதை மாகாண மாநாடு இதே ஈரோட்டில் கூடியது. அதற்குள் அப்படிப்பட்ட கல்யாணங்கள் ஊர் ஊராகப் பரவத் தொடங்கிவிட்டன. சட்டம் அவற்றை மதிக்கவில்லை. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் சொத்து வழக்கில் சிக்கி, சடங்கு இல்லாததால் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்தது. மேடையில் மாலை மாற்றி ஊரறிய வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி இல்லை. அண்ணா முதலமைச்சர் ஆன 1967இலேயே அதற்குத் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு அது. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ மணம் செல்லும். முன்பு நடந்த கல்யாணங்களுக்கும் சேர்த்து. அந்தப் பெரியாரோடு இந்த ஊரில் ஒரே வீட்டில் தங்கி, ‘விடுதலை’யில் வேலை பார்த்தவர் அண்ணா என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கல்யாணத்தைச் செல்லுபடியாக்க வந்த பிரிவு அது. 2001இல் அதே பிரிவு இருதார மணக்காரரைப் பிடித்துக் கொடுத்தது. நாகலிங்கம் எதிர் சிவகாமி என்ற வழக்கு. 1970இல் மணம், மூன்று குழந்தைகள். 1984 ஜூனில் கணவர் திருத்தணியில் தேவஸ்தான மண்டபத்தில் இன்னொரு பெண்ணைக் கட்டினார். மனைவி புகார் கொடுத்தார். மணமகன் தாலி கட்டியதைக் கல்யாணத்தை நடத்திய புரோகிதரே சாட்சி சொன்னார். இருந்தும் கணவர் தரப்பு கையில் எடுத்தது அதே பழைய ஆயுதம்: ஏழடி வைத்ததாகச் சாட்சி இல்லையே. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றி, கணவர் குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் 2001 ஆகஸ்டில் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 7ஏ இருக்கிறது, தாலி கட்டியது போதும், சப்தபதி வேண்டியதில்லை என்பதுதான் காரணம். திருத்தணிக் கல்யாணத்திலிருந்து அந்தத் தீர்ப்புக்குப் பதினேழு வருடம். புரோகிதர் வேண்டாமென்று போராடி வாங்கிய பிரிவை, புரோகிதர் நடத்திவைத்த இரண்டாம் கல்யாணத்தைத் தண்டிக்கப் பயன்படுத்தினார்கள். பெரியார் கேட்டிருந்தால் கைத்தடியைத் தட்டிச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆக, மதம் மாறி மணப்பவருக்கு சரளா முட்கல், மாறாமல் மணப்பவருக்கு நாகலிங்கம். சட்டத்தின் பொருளில் இப்போது பெரிய ஓட்டை இல்லை. ஓட்டை இருப்பது நடைமுறையில். இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. மனைவியோ, அவள் சார்பில் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினரோ மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்கவேண்டும், சாட்சியைத் தாங்களே கொண்டுவரவேண்டும். 1992இல் ஆந்திரம் இதைப் போலீஸே பதியும் குற்றமாக மாற்றியது. நாம் மாற்றவில்லை.

2009 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 227ஆவது அறிக்கையைக் கொடுத்தது. தலைவர் நம் தமிழ்நாட்டு நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். எழுதுவதில் முக்கியப் பங்கு பேராசிரியர் தாஹிர் மஹமூதுடையது. அந்த வருடத்துக்குச் சற்று முன்புதான், 2008 டிசம்பரில், அரியானாவின் துணை முதலமைச்சர் சந்தர் மோகன் மதம் மாறி இரண்டாம் மணம் செய்து, பதவியையும் இழந்திருந்தார். சரளா முட்கல் வந்து பதின்மூன்று வருடம் கழித்து, ஆட்சியில் இருப்பவரே அப்படிச் செய்தார். அறிக்கை சொன்னது சுருக்கம்தான். இந்து திருமணச் சட்டத்தில் 17ஏ என்று ஒரு பிரிவு சேருங்கள்: இந்தச் சட்டப்படி மணமானவர், மதம் மாறினாலும், முதல் மணம் முறையாக முடியாமல் மறுமணம் செய்ய முடியாது. கிறிஸ்தவ மணச் சட்டம் முதலிய மற்றச் சட்டங்களிலும் இதேபோல் எழுதுங்கள். போலீஸே வழக்குப் பதியும் குற்றமாக்குங்கள். பார்சிகள் 1936இல் எழுதியதைத்தான் ஒரு முஸ்லிம் சட்ட அறிஞர் இந்துச் சட்டத்துக்குப் பரிந்துரைத்தார். இஸ்லாத்தை இப்படிக் குறுக்குச் சந்தாக்குவது அந்த மார்க்கத்துக்கே அவமானம் என்று சொல்லும் ஜமாத் பெரியவர்கள் நம் ஊரிலும் உண்டு. வெளியூர்க்காரர் நிக்காஹ் கேட்டு வந்தால் அவருடைய ஊர் ஜமாத்தின் கடிதத்தைக் கேட்டுவிட்டுத்தான் பேசவே தொடங்கும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன.

அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. 2024 ஜூலையில் தண்டனைச் சட்டம் முழுவதும் புதுப் பெயரில் நடைமுறைக்கு வந்தது. 494ஐ 82 என்று எண் மாற்றினார்கள், மதமாற்றம் பற்றி ஒரு வரி சேர்க்கவில்லை. உத்தராகண்டின் பொது சிவில் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததைப் பற்றி நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. பொது சிவில் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று எழுபது வருடமாக அடித்துக்கொள்கிறோம். அந்தச் சண்டை தீரும்வரை ஒரு வரித் திருத்தம் காத்திருக்கவேண்டும் என்று யார் விதித்தார்கள்?

பதிவு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் எந்த மதத்துத் திருமணத்தையும் பதிவு செய்தாகவேண்டும், தொண்ணூறு நாளுக்குள். ஆனால் பதிவாளர் அலுவலகப் புத்தகம் ஒன்று, நிக்காஹ் பதிவேடு ஒன்று, மூன்று ஞாயிறு ஓலை வாசித்து எழுதும் தேவாலயப் புத்தகம் ஒன்று. ஒன்றில் மணமானவர் இன்னொன்றில் மணமாகாதவராக நிற்கலாம்.

ஏமாந்த இரண்டாவது பெண்ணை நான் மறக்கவில்லை. 2005இல் சவிதாபென் வழக்கில், செல்லாத மணத்தின் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2013இல் பாட்ஷா வழக்கில் கொஞ்சம் இறங்கி வந்தது. முதல் மணத்தை மறைத்து ஏமாற்றிய ஆள், தன் மோசடியையே காட்டி ஜீவனாம்சத்திலிருந்து தப்ப முடியாது என்றது. 2011இல் சுபாஷ் பாபு வழக்கில், ஏமாற்றப்பட்ட இரண்டாவது பெண்ணும் இருதார மணப் புகார் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. குழந்தைகளுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இருக்கிறது. பெற்றோர் மணம் செல்லாவிட்டாலும் பிள்ளை முறையான பிள்ளையே. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்கு விழும் பங்கிலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. காட்டையும் தோட்டத்தையும் பங்கு பிரிக்க உட்காரும் நம் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கேள்விகளுக்குப் போகும் முன் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். “அவரு கட்டிக்கிட்டே பத்து வருசமாச்சுங்க, இனிமேப் புகார் குடுத்து என்ன ஆகுமுங்க?” என்று கேட்கிறவர்கள் உண்டு. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள சிறு குற்றங்களுக்குத்தான் புகார் கொடுக்கக் காலக்கெடு. இருதார மணத்துக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை, அதனால் கெடு கிடையாது. கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, போட்டோ, தாலி கட்டியதை நேரில் பார்த்து வந்து சாட்சி சொல்ல ஒரு ஆள், இவற்றைத் தேடி வையுங்கள். கணவரின் மதமாற்றச் சான்றிதழ் நகல் கிடைத்தால் அதையும் வையுங்கள். அதைப் பார்த்துப் பயப்படவேண்டியதில்லை. முதல் மணம் இருக்கிறது என்று தெரிந்தே இரண்டாவதைச் செய்தார் என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சியாகலாம்.